இலை எடுத்த இடம்

1

பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலைத் திருக்கச்சி நம்பிகள் கோயில் என்றே பலரும் சொல்வார்கள். நம்பிகள் இந்த ஊர்க்காரர். நந்தவனம் வைத்து, பூப் பறித்து, மாலை கட்டிக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோய் வரதனுக்குச் சாத்தியவர். அங்கே பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுவது அவருடைய கைங்கரியம். விசிறும் நேரத்தில் பெருமாள் அவரோடு பேசுவார் என்று நம்பினார்கள். இளம் வயது ராமானுஜர் அவரைத் தம் ஆசானாகவே எண்ணினார். நம்பிகளோ, தாம் வைசிய குலத்தவர், அந்தணருக்கு ஆசானாவது முறையல்ல என்று ஒதுங்கியே நின்றார்.

குருபரம்பரைக் கதைகளில் ஒன்று என்னை விட்டுப் போவதில்லை. நம்பிகள் உண்டு மீந்ததைத் தாம் உண்ண வேண்டும் என்பது ராமானுஜரின் ஆசை. வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். நேரமாயிற்றே என்று அவரைத் தேடி ராமானுஜர் ஒரு தெரு வழியாகப் போக, நம்பிகள் வேறு தெரு வழியாக வந்துவிட்டார். கோயிலில் வேலை காத்திருக்கிறது என்று சொல்லி, உட்கார்ந்து சாப்பிட்டு, உடனே கிளம்பிப் போனார். ராமானுஜரின் மனைவி தஞ்சமாம்பாள் ஒரு குறையும் வைக்காமல் பரிமாறினார். அவர் போனதும் இலையைக் கோலால் தள்ளி எறிந்தார். இடத்தை மெழுகினார். குளித்துவிட்டு வந்து கணவருக்குப் புதிதாக உலை வைத்தார்.

திரும்பி வந்த ராமானுஜர் மெழுகிய தரையைப் பார்த்து மனம் நொந்தார் என்று கதை சொல்கிறது. அந்த அம்மையாரை இன்று குற்றக் கூண்டில் நிறுத்த எனக்கு மனமில்லை. வளர்ந்த வீட்டில் கற்றதைச் செய்தார். சோறு போட்டார், வயிறு நிறையப் போட்டார். ஆனாலும் ராமானுஜர் நொந்தாரே, அந்த நோவைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். கொடுத்தது கொடுத்ததுதான். கொடுத்த பிறகு செய்த ஒரு காரியம் அதை இல்லாமல் ஆக்கிவிட்டது.

2

நம்பிகளின் கதை ஆயிரம் ஆண்டுப் பழசு. மெழுகுவது நிற்கவில்லை.

அம்பத்தூரிலும் முகப்பேரிலும் அடுக்குமாடி வீடுகள் நிறைந்த தெருக்களில் காலை ஏழு மணிக்கு வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் ஒவ்வொரு வாசலாக நுழைவார்கள். பெரும்பாலான வீடுகளில் அவர்களுக்குக் காபி உண்டு. இட்லி மீந்தால் இட்லியும் உண்டு. பண்டிகைக்குப் புடவை, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு முன்பணம் என்று மனதார உதவுகிற வீடுகள் நிறைய. அதே வீடுகளில் சமையல் மேடையின் ஓரத்தில், மற்ற பாத்திரங்களோடு சேராமல், ஒரு தம்ளர் தனியாகக் கவிழ்ந்திருக்கும். வேலைக்கு வருபவர் அதை எடுத்துக் குடித்து, கழுவி, அதே இடத்தில் அதே மாதிரி கவிழ்த்துவிட்டுப் போவார். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்வதில்லை. இருவருக்கும் தெரியும்.

வீடு முழுக்கத் துடைக்கும் கை, அத்தனை பாத்திரத்தையும் தேய்க்கும் கை. அந்தக் கை பட்ட தட்டில் நாம் சாப்பிடுகிறோம். உதடு பட்ட தம்ளர் மட்டும் தனி. இதற்குச் சுத்தம் என்று பெயர் சொல்லிக்கொள்கிறோம். இரக்கம் நம்மிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த இரக்கம் ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது.

3

ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயில். கூட்டம் குறைந்த முற்பகல் வேளை. பார்வையில்லாத ஒருவர் பெட்டிக்குள் ஏறினார். தோளில் ஒரு பை, கழுத்திலிருந்து தொங்கும் அட்டையில் சீப்பு, ஊக்கு, ரேஷன் கார்டு உறை, காது குடையும் பஞ்சுக் குச்சி. ஒவ்வொன்றின் பெயரையும் விலையையும் ஒரே ராகத்தில் சொல்லிக்கொண்டே, இருக்கைகளின் முதுகைத் தொட்டுத் தொட்டு நடந்தார்.

ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் ஊக்கு அட்டை ஒன்று வாங்கினார். பத்து ரூபாய் சரக்குக்கு இருபது ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு, “மீதியை வச்சுக்குங்கண்ணே” என்றார். விற்பவர் தாளை விரல்மேல் வைத்து நீளத்தை அளந்தார், ஓரத்தைத் தடவினார். இருபது என்று தெரிந்துகொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து நீட்டினார். “சாமான் விலை பத்துதாம்மா. இன்னொண்ணு வேணும்னா எடுத்துக்கங்க, இருபதா வாங்கிக்கறேன்.”

அந்தப் பெண் முகம் சற்று மாறியது. பிறகு ஒரு சீப்பை எடுத்துக்கொண்டார். விற்பவர் சிரித்தபடி அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார்.

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. தொட்டுப் படித்து, தேர்வெழுதி, வேலைக்குப் போனவர்கள் பலர். வேலை கிடைக்காமல் ரயிலுக்கு வந்தவர்களும் உண்டு. ரயிலில் சரக்கு விற்பவரைப் பிச்சைக்காரராகப் பார்ப்பது நம் கண்ணின் பழக்கம். அவர் தன்னை வியாபாரியாகத்தான் பார்க்கிறார். அவருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, பேரம் பேசாமல் ஒரு சாமான் வாங்குவது. அன்று அந்தப் பெண் மனத்தில் இருந்ததும் அன்புதான். அந்த வியாபாரி அந்த அன்பைத் திருப்பித் தரவில்லை, அது வரவேண்டிய வழியைக் காட்டினார்.

4

திருவேற்காடு என்றால் இன்று கருமாரியம்மன். அதே ஊரில்தான் மூர்க்க நாயனார் வாழ்ந்தார். அவர் கதையை எழுதிய சேக்கிழார் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர்.

அடியார்களுக்குச் சோறிட்ட பிறகே தாம் உண்பது மூர்க்கரின் நெறி. இட்டு இட்டு நிலமும் பொருளும் தீர்ந்தன. இளமையில் கற்ற சூது ஒன்றுதான் மிஞ்சியது. அதை ஆடிப் பொருள் சேர்த்தார். ஊரில் எதிர் ஆட ஆளில்லாமல் போனதும் குடந்தைக்குப் போனார். தோற்றுவிட்டு இல்லையென்றவர்களைச் சுரிகையால் குத்தினார், அதனால்தான் மூர்க்கர் என்ற பெயர். வென்ற பணத்தில் ஒரு காசும் தமக்கென்று தொடவில்லை, சமைப்பவர் கையில் சேர்த்துவிட்டார். எல்லோரும் உண்டபின் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார்.

சூதையும் சுரிகையையும் நியாயப்படுத்த நான் முயலவில்லை. சேக்கிழாரும் அவற்றை மறைக்கவில்லை. எனக்கு வேண்டியது அந்தக் கடைசிப் பந்தி. வருபவருக்கு ஒரு பானை, வீட்டுக்கு ஒரு பானை என்று அங்கே இரண்டு உலை கிடையாது. குழம்பு நீர்த்திருந்தால் அவருக்கும் நீர்த்த குழம்பு. தீர்ந்துபோனால் பட்டினி அவருக்குத்தான்.

ஆவடிக்கு அடுத்த திருநின்றவூரில் வாழ்ந்த இன்னொரு நாயனார் பூசலார். கோயில் கட்ட ஆசைப்பட்டுப் பொருள் தேடி அலைந்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. மனத்துக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிக் கட்டி முடித்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்றளிக்கும் குடமுழுக்கு. இறைவன் மன்னனின் கனவில் வந்து, உன் விழாவைத் தள்ளி வை, நான் திருநின்றவூருக்குப் போகிறேன் என்றான். மன்னன் ஏழையின் ஊரைத் தேடி வந்து அவர் காலில் விழுந்தான். ஏழை அரண்மனை வாசலில் காத்து நிற்கும் கதைகள்தான் உலகமெங்கும் அதிகம். இந்தக் கதையில் நடந்து வந்தவன் அரசன். அம்பத்தூரிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம் அந்த ஊருக்கு.

5

மணிமேகலையில் ஆபுத்திரன் பகுதியை அடிக்கடி எடுத்துப் படிப்பேன். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கையில். கண்ணில்லாதவர், காது கேளாதவர், கால் முடங்கியவர், ஆதரவற்றவர் எல்லோரையும் கூப்பிட்டுச் சோறிடுகிறான். இந்திரன் கோபம் கொண்டு பாண்டிய நாட்டில் மழை கொட்டச் செய்கிறான். நாடு செழிக்கிறது, பசித்தவர் யாருமில்லை. ஆபுத்திரன் பாத்திரத்தோடு ஊர் ஊராக அலைகிறான், வாங்க ஆளில்லை. கடைசியில் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான்.

இளமையில் இதைச் சோகக் கதையாகப் படித்தேன். இப்போது வேறொன்று தெரிகிறது. கொடுப்பவனுக்கு வேலையில்லாமல் போவதுதான் நல்ல நாடு. காப்பியம் பாடிய சாத்தனார் அதைச் சொல்லிவிட்டார், கொடுப்பவனின் வெறுமையையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். நமக்குப் புண்ணியம் சேர ஏழைகள் இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற ஆசை தருமத்துக்குள் ஒளிந்திருக்கலாம். அதைக் கண்டுபிடித்து விலக்க வேண்டும்.

அதே பாத்திரம் மணிமேகலை கைக்கு வந்தபின் அவள் செய்த பெரிய காரியம் இன்னொன்று. புகார் நகரத்துச் சிறைக்குள் போய்ச் சோறிட்டாள். சோழ மன்னன் வியந்து, என்ன வேண்டும் என்று கேட்டான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கு என்றாள். அவனும் ஆக்கினான்.

6

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையில் மேல்பாக்கம். அங்கே அரசுப் பராமரிப்பு முகாம் ஒன்று உண்டு. பிச்சையெடுத்துப் பிடிபட்டு, நீதிமன்றம் அனுப்பி வைத்தவர்களைத் தங்க வைப்பதற்காக ஏற்பட்டது. இதற்கு அடிப்படை 1945-ஆம் ஆண்டின் சென்னைப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம். விடுதலைக்கு முன் வந்த சட்டம், விடுதலைக்குப் பிறகும் நின்றது.

முகாமில் சோறும் இடமும் மருத்துவமும் தருகிறார்கள். தெருவில் கிடப்பதைவிட அது மேல் என்று சொல்பவர்கள் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் சோறு கேட்டவர் அந்தக் கூரைக்கு வந்த வழி, போலீஸ் வண்டியும் நீதிமன்றப் படியும். மணிமேகலை போன திசைக்கு இது நேர் எதிர்.

டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கிய விதிகளைச் செல்லாது என்றது. பிச்சைக்காரர்களைச் சாலைகளிலிருந்து அகற்றச் சொல்லும் கோரிக்கை 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, மேட்டுக்குடிப் பார்வையை எடுக்க மாட்டோம், வேறு வழியில்லாததால்தான் மனிதர்கள் கையேந்துகிறார்கள் என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். இரவுக்கு ஒன்று, இரவச்சத்துக்கு ஒன்று என்று கேட்பவர் பக்கம் நின்று இரண்டு அதிகாரம் வைத்தார். பிச்சையெடுத்துத்தான் ஒருவன் பிழைக்க வேண்டும் என்றால் அந்த உலகத்தைப் படைத்தவனையே சபிக்கும் அளவுக்குக் கோபம் அவருக்கு. அந்தக் கோபம் கையேந்துபவன்மேல் ஒரு சொல்லாகக்கூட இறங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம் சட்டம் அந்த இடத்தில் தவறிவிட்டது.

7

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சம். கிராமங்களிலிருந்து நகரத்தை நோக்கி மக்கள் நடந்து வந்தார்கள். நிவாரணச் செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் ஒரு கணக்குப் போட்டார். நாள் முழுக்க மண் சுமக்கும் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். இந்த அளவில் உழைக்கும் உடம்பு தேயும் என்றார், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். சில மாதங்கள் கழித்துக் கூலி உயர்ந்தது. அதற்குள் போன உயிர்களுக்குக் கணக்கில்லை. சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியது.

அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு, 1867 மே 23-இல், வடலூரில் ராமலிங்க அடிகள் சத்திய தருமசாலையில் அடுப்பு மூட்டினார். பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அடிகள் 1874-இல் மறைந்தார், பஞ்சம் அதன் பிறகு வந்தது, அடுப்பு அணையவில்லை. இன்றும் எரிகிறது. வருபவர் சாதி, மதம், ஊர் எதுவும் அங்கே கேட்பதில்லை. மூர்க்க நாயனாரின் பந்தியில் உட்கார அடியாராக இருக்க வேண்டியிருந்தது. வடலூர்ப் பந்தியில் பசி இருந்தால் போதும்.

அடிகள் நம் பக்கத்துக்கு அந்நியர் அல்லர். சென்னை ஏழுகிணற்றில் வாழ்ந்த காலத்தில் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர்மேல் பாடியிருக்கிறார். ஜீவகாருணிய ஒழுக்கத்தில் பசி உடம்பை என்ன செய்கிறது என்பதை அவர் உறுப்பு உறுப்பாக எழுதுகிறார். கண்ணில் தொடங்கி, காது, நாக்கு, கை, கால் என்று ஒவ்வொன்றாகத் தளர்வதை ஒரு வைத்தியரைப் போலக் கவனித்திருக்கிறார். பசித்தவரின் குணம் என்ன, உழைப்பாளியா, குடிகாரரா என்ற கேள்வி அந்தப் பக்கங்களில் இல்லை. கேட்க வெட்கப்பட்டு உள்ளேயே இளைத்துப்போன மானமுள்ள ஏழைகளுக்காகத் தனியாக வருந்தியிருக்கிறார். டெம்பிள் தானியத்தை அளந்தார். அடிகள் பசியை அறிந்தார்.

8

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இன்று வேலை பார்ப்பவர்களில் பீகார், ஒடிசா, வங்காளம், ஜார்க்கண்ட் ஊர்க்காரர்கள் ஏராளம். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியதும் அவர்களுக்கு வேலையும் போயிற்று, திரும்பிப் போக ரயிலும் இல்லாமற் போயிற்று. தகரக் கூரை அறைகளில் ஏழெட்டுப் பேராக அடைந்து கிடந்தார்கள். அந்த வாரங்களில் எத்தனையோ பேர் அவர்களுக்கு அரிசியும் பருப்பும் எண்ணெயும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்களை மனமார வணங்குகிறேன். அப்போதே சில பைகள் கை மாறுவதற்கு முன் ஒரு நிமிடம் நடுவில் நின்றன, செல்போனுக்காக. வாங்கியவர் தலை குனிந்திருந்தார். படம் எடுத்து முடிந்ததும் பை அவர் கைக்குப் போயிற்று. ஊரில் இருக்கும் அவர் மனைவியும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கக்கூடும்.

ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’ கதையில் கெத்தேல் சாகிப் திருவனந்தபுரத்தில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். காசு போட ஒரு பெட்டி இருக்கும். யார் போட்டார், யார் போடவில்லை என்று அவர் பார்ப்பதே இல்லை. பசியோடு வந்த ஏழை மாணவனுக்கு வயிறு நிறையப் பரிமாறுகிறார். பின்னாளில் அவன் சம்பாதித்துக் கட்டுக்கட்டாகப் பணத்தைப் பெட்டியில் திணிக்கும்போதும் அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. போடாதவனைப் பார்க்காத கண், போடுபவனையும் பார்க்கவில்லை. இதைவிடப் பெரிய மரியாதையை நான் நவீனத் தமிழ்க் கதையில் கண்டதில்லை.

9

கையேந்தாமல் சாப்பாடு கிடைக்கும் வழியை இந்த நகரம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தேடத் தொடங்கியது. 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு. 1956-இல் காமராஜர் மாநிலம் முழுக்க விரித்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக வளர்த்தார். 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. ஆவடியில் ஒரு தொடக்கப் பள்ளி வராந்தாவில் காலை வேளையில் நின்று பார்த்தால் தெரியும். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. யாருக்கும் நன்றி சொல்ல அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பக்கத்தில் இருப்பவன் தட்டில் கிச்சடி கூட இருக்கிறதே என்ற சண்டைதான் அங்கே நடக்கும். உரிமையோடு சாப்பிடும் பிள்ளை அப்படித்தான் இருக்கும்.

2013-இல் வந்த அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. அந்த ஒரு ரூபாயின் அருமை எஸ்டேட் சுமைத் தொழிலாளிக்குத் தெரியும். காசு கொடுத்து டோக்கன் வாங்கியவர் நிமிர்ந்து நின்று, “இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துங்க” என்று கேட்கலாம்.

அரசு செய்வதால் நம் வேலை தீர்ந்துவிடாது. சட்டமும் திட்டமும் எட்டாத பசி எப்போதும் நாலு தெருவுக்குள் இருக்கும். 1983-இல் வித்யாகர் தொடங்கிய ‘உதவும் கரங்கள்’ திருவேற்காட்டில் குழந்தைகளையும் மனநலம் குன்றி வீதியில் விடப்பட்டவர்களையும் வைத்துக் காப்பாற்றி வருவது அப்படிப்பட்ட பசிகளுக்காகத்தான்.

10

இந்தப் பக்கத்து ஊர்களில் வாழ்பவர்களிடம் சில வேண்டுகோள்கள். சமையல் மேடை ஓரத்துத் தம்ளரை இன்றே மற்றவற்றோடு சேர்த்து அடுக்குங்கள். ரயிலில் விற்பவரிடம் விலை கொடுத்துச் சாமான் வாங்குங்கள். உதவும் நேரத்தில் செல்போனைப் பையிலேயே வைத்திருங்கள். பசி என்று வந்தவரிடம் ஏன் உழைக்கவில்லை என்று கேட்காமல் முதலில் சோறு வாங்கிக் கொடுங்கள். பிச்சையைக் குற்றமாக்கும் சட்டம் போக வேண்டும், அந்த இடத்தில் வேலையும் வீடும் வைத்தியமும் வர வேண்டும் என்று சொல்லக் கிடைக்கும் மேடையிலெல்லாம் சொல்லுங்கள். யாருக்கு எதைக் கொடுத்தாலும், அவர் மறுநாள் கடைத்தெருவில் உங்களைக் கண்டால் ஒதுங்கிப் போகாமல் நேரே வந்து நலம் விசாரிக்கும்படி கொடுங்கள்.